மதுரைப் பக்கத்திலிருந்து என்ஜிசி 253-ஐக் காணும் முறை

தொலைவிலுள்ள சுருள் விண்மீன் மண்டலம் ஒன்றைப் பார்க்க விரும்புவோருக்குப் பெரும்பாலும் ஆந்திரமேடாவையே காட்டுவார்கள். மதுரைக்காரர்கள் தென்வானில் என்ஜிசி 253 என்ற இன்னொரு சுருள் மண்டலத்தையும் தேடிப் பார்க்கலாம். 1783-இல் இங்கிலாந்திலிருந்து இதைக் கண்டுபிடித்த வானியலாளர் கரோலின் ஹெர்ஷலுக்கு இது அடிவானத்துக்கு மேல் ஏறத்தாழ 12 பாகை உயரமே எழுந்தது. நமக்கோ 55 பாகை வரை ஏறி வருகிறது.

தெற்கு நோக்கிப் பார்க்க வேண்டியிருப்பதால், நகரத்து வெளிச்சம் முதுகுப்புறம் விழும் இடமே நல்லது. அழகர்கோவில் பக்கம் இருட்டுதான் என்றாலும், அங்கிருந்து மதுரையின் ஒளி தெற்கு அடிவானத்தை வெளுக்கச் செய்துவிடும் என்பதால் டி.கல்லுப்பட்டி, பேரையூர் வட்டாரத்துக் கண்மாய்க் கரைகளையே பரிந்துரைப்பேன். பூச்சிபொட்டு நடமாடும் இடம் ஆகையால் டார்ச் கட்டாயம் வேண்டும். இருளுக்குப் பழகிய கண் கூசாதிருக்க அதன் முகப்பில் சிவப்புக் கண்ணாடித்தாளைக் கட்டிக்கொள்ளுங்கள்.

வடகிழக்குப் பருவமழை ஓய்ந்துவரும் மார்கழி அமாவாசையை ஒட்டிய இரவுகளில், ஏழரை மணியளவில் தொடங்கலாம். தை அமாவாசைக்குள் என்ஜிசி 253 மேற்கே நன்றாகச் சாய்ந்துவிடும்.

கண் இருளுக்குப் பழக அரை மணி நேரம் கொடுத்த பின், தலைக்கு மேலே சற்று மேற்கில் உத்திரட்டாதியின் இரு விண்மீன்களைக் கண்டுகொள்ளுங்கள். வடக்கு விண்மீனிலிருந்து தெற்கு விண்மீனுக்குச் செல்லும் கோட்டை, அவற்றின் இடைவெளியைப் போல் இரண்டேகால் மடங்கு அதே திசையில் நீட்டினால், அப்பகுதியில் தனித்து ஒளிரும் டிப்டா என்ற விண்மீனை நெருங்கிவிடலாம். 10×50 பைனாகுலரில் (10 மடங்கு பெரிதாக்கும், 50 மி.மீ. முகப்பு வில்லை கொண்டது) டிப்டாவை மேல் விளிம்பில் நிறுத்தி, அங்கிருந்து கீழே சற்று இடப்புறமாக 7 பாகைக்குச் சிறிது கூடுதலாக மெல்ல நகர்த்துங்கள். நீண்டு மெலிந்த சாம்பல் நிறக் கீற்று ஒன்று தென்படும். அதுதான் என்ஜிசி 253. நேராக உற்றுப் பார்ப்பதைவிடப் பார்வையைச் சற்றே விலக்கிப் பார்த்தால் அது தெளிவாகும்.

அதன் நீளம் முழுநிலவின் விட்டத்துக்குச் சற்றுக் குறைவு. அகலம் அதில் கால் பங்கு. இம்மண்டலத்தின் தட்டு நமக்கு ஏறக்குறைய விளிம்பைக் காட்டிச் சாய்ந்திருப்பதால் சுருள் கைகளை எதிர்பார்க்க வேண்டாம். ஆனால் 200 மி.மீ. முகப்பு விட்டமுள்ள தொலைநோக்கியில், குறைந்த உருப்பெருக்கத்தில், தூசுத் திட்டுகளால் உண்டாகும் சொரசொரப்பு தெரியக்கூடும். சுமார் 1 கோடியே 14 லட்சம் ஒளியாண்டு தொலைவிலுள்ள இது வினாடிக்கு ஏறத்தாழ 240 கி.மீ. வேகத்தில் விலகிச் செல்வதை நிறமாலை காட்டுகிறது. இதன் மையத்தில் விண்மீன்கள் மிக விரைவாகப் பிறந்துகொண்டிருப்பதால் அங்கிருந்து வாயு வெளியே பீறிடுகிறது. அதைக் காண ஆய்வகக் கருவிகள் வேண்டும்.

கீற்று அகப்பட்டதும் தென்கிழக்கே ஏறத்தாழ 2 பாகை நகர்ந்தால் என்ஜிசி 288 என்ற உருண்டை விண்மீன் கொத்து மங்கலான வட்டமாகத் தெரியும். இது நம் பால்வழியைச் சேர்ந்தது. சுமார் 29,000 ஒளியாண்டு தொலைவுதான்.