மழலையர் பள்ளிக்கு முன் மகளின் தூக்க நேரத்தை மாற்றியது

என் மகள் இரவு 10.30-க்குத்தான் தூங்குவாள். மழலையர் பள்ளி தொடங்கினால் காலை 7 மணிக்கு எழுந்தாக வேண்டும். 3 முதல் 5 வயதுக் குழந்தைக்குப் பகல் தூக்கத்தையும் சேர்த்து 10 முதல் 13 மணி நேரத் தூக்கம் தேவை. அப்படியே விட்டால் கட்டுப்படியாகாது.

இரவில் "சீக்கிரம் படு" என்று மல்லுக்கட்டாமல், மாற்றத்தைக் காலையிலிருந்து தொடங்கினேன். சில நாட்களுக்கு ஒருமுறை 15 நிமிடம் முன்னதாக எழுப்பி, திரைச்சீலையை விலக்கி ஜன்னலோரம் உட்கார வைப்பேன். காலை வெளிச்சம் பட்டால் உடலின் உள்கடிகாரம் முன்னுக்கு நகரும்; இரவில் தூக்கமும் சீக்கிரம் வரும். எனக்கு உண்மையில் கைகொடுத்தது இதுதான்.

அப்புறம், "இன்னும் ஒரு கதை" என்ற பேரம். படுப்பதற்கு முன்பே இரண்டு புத்தகங்களை அவளையே எடுத்து வைக்கச் சொன்னேன். விளக்கை அணைக்கும் பொறுப்பும் அவளுக்குத்தான். கட்டிலில் முட்டிபோட்டு, இரண்டு கட்டைவிரலாலும் சுவிட்சை அழுத்துவாள். அணைத்தது அவளே என்பதால் அதற்குமேல் பேச்சு எழாது.

டிவி, செல்போன் எல்லாம் படுப்பதற்கு ஒரு மணி நேரம் முன்பே நிறுத்தம். விடுமுறை நாளிலும் இதே நேரம்தான். அன்று இஷ்டத்துக்குத் தூங்க விட்டால் மறுநாள் காலை மறுபடியும் அழுகைதான்.