நீண்ட நிறுத்தத்தில் ஆர்முடுக்கியைக் கழற்றத் திட்டமிடுவது எப்படி? தொடக்கநிலையாளருக்கு ஒரு செய்முறை

ஐப்பசி மழைக்குச் சற்று முன்னர், கொக்குவிலில் இருந்த அம்மம்மாவின் பழைய நாற்சார் வீட்டைப் பிரித்தோம். ஓடு இறக்க நான்கு பேர், மரம் கழற்ற ஓடாவியார் ஒருவர். காலை ஏழு மணிக்கே தொடங்கிவிட்டார்கள். பத்து மணிக்கு முற்றம் நிறைய ஓடு. மதியம் வளைகளும் தீராந்திகளும் இறங்கின, வைக்க இடமில்லை. உழவு இயந்திரப் பெட்டி ஒழுங்கைக்குள் திரும்பவில்லை. வேறு வழியின்றிக் கிணற்றடி ஈரத்தில் மரங்களை அடுக்கினோம். இரண்டாம் நாள் மழை பிடித்துக்கொண்டது. தலைமுறை தலைமுறையாக வைரம் பாய்ந்து நின்ற பனைமரத்தில் பாதி கறையானுக்குப் போனது.

கழற்றிய கையில் பிழை இல்லை. ஒவ்வொரு பொருத்திலும் உளியால் அடையாளம் வெட்டிவிட்டுத்தான் ஓடாவியார் மரத்தை இறக்கினார். இறக்கிய மரம் அன்றிரவு எங்கே கிடக்கும் என்று நாங்கள் ஒருவரும் கேட்கவில்லை. அதுதான் பிழை.

வெளிநாட்டு ஆலைகளில் பராமரிப்பு நிறுத்தங்களுக்குத் திட்டம் போடுவதே பல வருடம் என் வேலை. இப்போது சனிக்கிழமைகளில் வீட்டு விறாந்தையில் சில மாணவர்களுக்கு அதைச் சொல்லிக்கொடுக்கிறேன். அணுவிலும் சிறிய துணிக்கைகளை மிக வேகமாக ஓடவிடும் இயந்திரமான துணிக்கை ஆர்முடுக்கியை நிறுத்தி எப்படிக் கழற்றுவார்கள் என்று அவர்களில் ஒருத்தி கேட்டாள். அவளுக்குச் சொன்னதைத்தான் இங்கே ஒழுங்காக எழுதுகிறேன்.

முதலில், எவ்வளவு பெரிய வேலை இது?

ஜெனீவாவுக்கு அருகே, சேர்ன் ஆய்வுகூடத்தின் பெரிய ஹாட்ரன் மோதுவி என்ற ஆர்முடுக்கி நிலத்துக்கு அடியில் 27 கிலோமீற்றர் சுற்றளவுள்ள சுரங்கத்தில் இருக்கிறது. துணிக்கைக் கற்றையை வளைக்கும் இருமுனைக் காந்தங்கள் மட்டும் 1232. ஒவ்வொன்றும் 15 மீற்றர் நீளம், ஏறத்தாழ 35 தொன் நிறை. அவை 1.9 கெல்வினில், அதாவது பூச்சியத்துக்குக் கீழே 271 பாகை செல்சியஸில், திரவ ஹீலியத்தால் குளிர்விக்கப்பட்டு இயங்குகின்றன. சில வருடங்களுக்கு ஒருமுறை இயந்திரத்தை நீண்ட காலம் நிறுத்திப் பழையதைக் கழற்றிப் புதியதைப் பூட்டுவார்கள். முதல் நீண்ட நிறுத்தம் 2013இல் தொடங்கியது, இரண்டாவது 2018 கடைசியில். 2026 நடுப்பகுதிக்குத் திட்டமிடப்பட்ட மூன்றாவது நிறுத்தத்தில் சுரங்கத்தின் 1.2 கிலோமீற்றருக்கு மேற்பட்ட பகுதியில் கருவிகளை மாற்றவேண்டும்.

சரி, வேலைக்கு வருவோம்.

படி 1: போக்கிடத்திலிருந்து பின்னோக்கி எழுதுங்கள்

புதிதாக வருபவர்கள் முதல் போல்ட்டிலிருந்து எழுதத் தொடங்குவார்கள். அப்படிச் செய்யாதீர்கள். கொப்பியின் கடைசிப் பக்கத்தைத் திருப்பி, பொருள் இறுதியில் போய்ச்சேரும் இடத்தை முதலில் எழுதுங்கள். போக்கிடம் மூன்றுதான்: திரும்பப் பூட்டப்படும், உதிரியாகக் களஞ்சியத்துக்குப் போகும், அல்லது கழிவாகும். கழிவிலும் சாதாரணக் கழிவின் பாதை வேறு, கதிர்த்தொழிற்பாடுள்ள, அதாவது தானாகக் கதிர் வீசும், கழிவின் பாதை வேறு.

இடத்தை எழுதியதும் பின்னோக்கி வாருங்கள். களஞ்சியத்தின் தளம் 35 தொன்னைத் தாங்குமா? அதற்கு முன் கதிர்ப்பை அளக்கும் இடத்தில் எத்தனை பொருள்கள் வரிசையில் நிற்கலாம்? லொறி எங்கே திரும்பும்? கிணறுபோல மேலே ஏறும் செங்குத்துக் குழியின் கிரேன் ஒரு நாளைக்கு எத்தனை தடவை தூக்கும்? சுரங்க வண்டி எத்தனை? கடைசியாகத்தான் போல்ட். இந்தச் சங்கிலியில் எந்தக் கண்ணி மெதுவானதோ அதன் வேகம்தான் உங்கள் வேகம். கீழே இன்னும் பத்துப் பேரைப் போட்டாலும் கிரேன் கூடுதலாகத் தூக்காது.

இதற்கு நல்ல உதாரணம், அதே சுரங்கத்தில் முன்பிருந்த எலெக்ட்ரான் இயந்திரம். 1989இலிருந்து ஓடிய அதை 2000 நவம்பரில் நிறுத்தினார்கள். கழற்றி வெளியேற்ற வேண்டியிருந்தது ஏறத்தாழ 40,000 தொன். கழற்றத் தொடங்குமுன்பே எந்தப் பகுதியில் உள்ளது கதிர்த்தொழிற்பாடு உள்ளதாகலாம், எது சாதாரணமானது என்று கணித்து வளையத்தை வலயங்களாகப் பிரித்துக்கொண்டார்கள். போக்கிடம் முதலில் முடிவாயிற்று, ஸ்பானர் பிறகுதான் வந்தது.

படி 2: நடந்து போய்ப் பட்டியல் எடுங்கள்

வரைபடத்தில் உள்ளதும் சுரங்கத்தில் உள்ளதும் எப்போதும் ஒன்றல்ல. யாரோ ஒருவர் பிற்பாடு இழுத்த வயர், இடம் மாறிய குழாய் என்று ஏதாவது இருக்கும். இயந்திரம் ஓடும்போது உள்ளே போக முடியாது. ஆகவே வருட இறுதியில் வரும் குறுகிய நிறுத்தங்களை இதற்குப் பிடித்துக்கொள்ள வேண்டும். ஒவ்வொரு பொருளுக்கும் எண், நிறை, தூக்கும் புள்ளி, எதனோடு இணைந்திருக்கிறது, போக்கிடம் ஆகியவற்றை எழுதுங்கள். படமும் எடுங்கள். ஓடாவியாரின் உளி அடையாளத்துக்கு இங்கே பார்கோடு.

படி 3: காத்திருப்பையும் ஒரு வேலையாக எழுதுங்கள்

கற்றையை நிறுத்திய மறுநாளே கை வைக்க முடியாது. அந்தக் குளிரிலிருந்து காந்தங்களை அறை வெப்பநிலைக்குக் கொண்டுவரக் கிழமைக்கணக்கில் ஆகும். ஹீலியத்தை மீட்டுச் சேமிக்கவும் வேண்டும்.

இன்னொரு காத்திருப்பு கதிர்ப்புக்காக. கற்றை பட்ட உலோகம் தானும் கதிர்த்தொழிற்பாடு உள்ளதாகிவிடும். நிறுத்தியபின் அது தேய்ந்து குறையும், ஆனால் எல்லாம் ஒரே வேகத்தில் குறையாது. அதில் உண்டாகும் அணு வகைகளில் சோடியம்-24இன் அரைவாழ்வுக் காலம், அதாவது பாதியாகக் குறைய எடுக்கும் நேரம், 15 மணித்தியாலம், ஒரு கிழமையில் அது ஏறக்குறைய இல்லாமலே போய்விடும். பெரிலியம்-7க்கு 53 நாள். 106 நாள் பொறுத்தால் கால்வாசிதான் மிஞ்சும். கோபால்ட்-60க்கு 5.27 வருடம். அதே 106 நாளில் நூற்றுக்கு நாலு பங்குகூடச் சரியாகக் குறையாது.

ஆகவே "மூன்று மாதம் பொறுப்போம்" என்று பொத்தாம்பொதுவாக எழுதாதீர்கள். அந்த இடத்தில் கதிர்ப்பு எதிலிருந்து வருகிறது என்று கதிர்ப்புப் பாதுகாப்புப் பிரிவிடம் கேளுங்கள். கோபால்ட் என்றால் மாதக்கணக்கில் பொறுப்பதால் பெரிய பலனில்லை. அங்கே வேலை நேரத்தைக் குறைக்கவும், ஆட்களைத் தூர நிறுத்தவும் வழி தேட வேண்டும்.

படி 4: அடங்கியிருக்கும் சக்தியை அடக்குங்கள்

மின்சாரத்தை நிறுத்தி, பூட்டுப் போட்டு, சாவியை வேலை செய்பவரே வைத்திருக்க வேண்டும். கொள்ளளவிகளில் தேங்கிய மின்னை இறக்க வேண்டும். கேபிளை இரண்டு முனையிலும் அடையாளம் காணாமல் வெட்டவே கூடாது. குளிர்விக்கும் தண்ணீரை வடிக்க வேண்டும்.

ஹீலியத்தை மட்டும் தனியாக நினைவில் வையுங்கள். திரவமாக உள்ள ஒரு லீற்றர், அறை வெப்பநிலையில் ஏறத்தாழ 750 லீற்றர் வாயுவாக விரியும். மணமில்லை, நிறமில்லை. மூடிய சுரங்கத்தில் அது காற்றை விலக்கிவிட்டால் மூச்சுக்கு ஒட்சிசன் இராது. 2008 செப்டெம்பர் 19ஆம் திகதி, இரண்டு காந்தங்களுக்கு இடைப்பட்ட ஒரு மின் இணைப்பு பழுதாகி ஆறு தொன் அளவு ஹீலியம் சுரங்கத்துக்குள் பீறிட்டது. நல்ல வேளையாக உள்ளே ஆட்கள் இருக்கவில்லை. 53 காந்தங்களைக் கழற்ற வேண்டி வந்தது. இயந்திரம் மறுபடி ஓட 2009 நவம்பர் ஆயிற்று.

படி 5: நேரத்தையும் இடத்தையும் ஒரே தாளில் வரையுங்கள்

எனக்கு மிகவும் பிடித்த படி இது. கணினி அட்டவணைகள் எந்த வேலை எப்போது என்று சொல்லும். எங்கே என்று சொல்லாது. சுரங்கத்தின் உள்விட்டம் 3.8 மீற்றர்தான், ஒரு காந்தம் போகும்போது இன்னொன்று எதிரே வர முடியாது. யாழ்ப்பாணத்துக்கு வரும் ரயில் பாதையும் ஒற்றைத் தண்டவாளம்தானே. எதிர் ரயில் வரும்வரை யாழ்தேவி ஸ்டேசனில் காத்து நிற்பதைப் பார்த்திருப்பீர்கள். அதே கணக்குத்தான்.

ஒரு கட்டத்தாளை எடுங்கள். குறுக்கே 300 மீற்றர் சுரங்கம். கீழ்நோக்கிக் கிழமைகள். கேபிள் கழற்றும் குழு 0 மீற்றரில் தொடங்கிக் கிழமைக்கு 50 மீற்றர் நகர்கிறது என்று வைத்துக்கொள்வோம். ஆறு கிழமையில் மறுமுனையைத் தொடும், அது ஒரு சாய்கோடு. காந்தம் கழற்றும் குழு வேகமானது, கிழமைக்கு 75 மீற்றர். நேரம் மிச்சம் என்று நினைத்து அவர்களை இரண்டு கிழமை கழித்து 300 மீற்றர் முனையிலிருந்து எதிரே வரவிட்டால் என்ன ஆகும்? கோட்டை வரையுங்கள். நான்காம் கிழமையில், 180 மீற்றரில் இரண்டும் வெட்டும். அந்த இடத்தில்தான் சண்டை வரும், ஆளுக்கு அடியும் படும்.

இப்போது காந்தக் குழுவையும் 0 மீற்றரிலிருந்தே, மூன்று கிழமை கழித்துத் தொடங்குங்கள். தொடக்கத்தில் இடைவெளி 150 மீற்றர், கேபிள் குழு முடிக்கும்போது 75. நெருங்கும், முட்டாது. ஏழாம் கிழமையில் எல்லாம் முடியும். எதிரே விட்ட திட்டத்தைவிட ஒரே ஒரு கிழமைதான் கூட.

இன்னும் ஒரு கேள்வி உண்டு: மேலே ஏறும் குழி எந்தப் பக்கம்? 0 மீற்றர் பக்கம் என்றால் காந்தங்கள் ஏற்கெனவே வெறுமையான பாதையால் வெளியே போகும். 300 பக்கம் என்றால் ஒவ்வொரு காந்தமும் கேபிள் குழுவின் நடுவே போக வேண்டும். அப்போது இரண்டு குழுவையும் 300 மீற்றர் முனையிலிருந்து தொடங்குங்கள்.

படி 6: ஆளுக்கு எவ்வளவு கதிர்ப்பு என்று முன்கூட்டியே கணக்கிடுங்கள்

கணக்குக்காக ஓர் இடத்தில் மணிக்கு 100 மைக்ரோசீவெர்ட் (உடலில் படும் கதிர்ப்பை அளக்கும் அலகு) என்று வைப்போம். இரண்டு பேர் மூன்று மணித்தியாலம் வேலை செய்தால் மொத்தம் 600. மேலே, கதிர்ப்பில்லாத இடத்தில் அதே மாதிரி ஒரு போலி அமைப்பில் நான்கைந்து தடவை ஒத்திகை பார்த்து, நேரத்தை ஒன்றரை மணித்தியாலமாக்கினால் 300. சிறிய மூலம் என்றால் தூரத்தை இரட்டிப்பாக்கக் கதிர்ப்பு காற்பங்காகும், ஆகவே நீண்ட கைப்பிடிக் கருவி தயாராக இருக்கட்டும். காத்து நிற்பவர்களைக் குறைந்த கதிர்ப்புள்ள மூலையில் நிறுத்துங்கள். ஸ்பானர் தேடிப் பத்து நிமிடம் நிற்பதும் கதிர்ப்புத்தான் என்பதால், கருவிப் பெட்டியை முதல்நாளே சரிபாருங்கள்.

படி 7: ஒப்படைத்தல்

வெறுந்தரையோடு உங்கள் வேலை முடியாது. பூட்ட வருகிற குழுவுக்கு எந்தத் துளை மிஞ்சியது, எந்தக் கேபிள் சுருட்டி வைக்கப்பட்டது, எதற்கு இன்னும் மின் வருகிறது என்பதை நேரில் நடத்திக் காட்டிக் கையெழுத்து வாங்குங்கள்.

பயிற்சி

உங்கள் வீட்டுக் கிணற்றடி வாட்டர் பம்பைக் கழற்றத் திட்டம் எழுதுங்கள். கழற்ற வேண்டாம், எழுதினால் போதும். கழற்றிய பம்ப் எங்கே இருக்கும் என்பது முதல் வரியாக இருக்கட்டும். பிறகு சுவிட்ச், குழாயில் தேங்கிய தண்ணீர், தூக்க எத்தனை பேர், அன்று குளிக்கவும் சமைக்கவும் தண்ணீர் எங்கிருந்து வரும் என்று ஒவ்வொன்றாக எழுதுங்கள். எழுதியதை அம்மாவிடம் வாசித்துக் காட்டுங்கள். அவர் கேட்கும் கேள்விகளை ஓரத்தில் குறித்துக்கொண்டு சனிக்கிழமை கொப்பியோடு வாருங்கள்.