கண்டன்சர் மைக் ஊமையாக இருந்தால் தூக்கிப் போடாதீர்கள்

எங்கள் கடை காட்பாடியில், ஸ்டேஷனுக்குக் கூப்பிடு தூரம். போன பங்குனியில் குடியாத்தம் பக்கத்திலிருந்து கூத்துக்கு ஆர்மோனியம் வாசிக்கிற அண்ணன் ஒருவர் வந்தார். பாரதக் கூத்து சீசன் தொடங்குகிற நேரம். சட்டைப் பையிலிருந்து பட்டன் அளவு மைக் மூன்றை எடுத்து மேஜையில் உருட்டிவிட்டு, "தம்பி, மூணும் ஊமை. ஏமாத்திட்டாங்க" என்றார்.

மைக் மூன்றும் நன்றாகத்தான் இருந்தன. பழைய டைனமிக் மைக்கைக் கழற்றிவிட்டு அதே வயரில் இவற்றைப் பற்றவைத்து நேராக ஆம்ப்ளிஃபயரில் குத்தியிருக்கிறார். டைனமிக் மைக்கில் கம்பிச் சுருளும் காந்தமும் உண்டு. பேசினால் அதுவே கரண்ட் உண்டாக்கும். இந்தப் பட்டன் மைக்குக்கு, அதாவது எலக்ட்ரெட் கண்டன்சர் மைக்குக்கு, நாம் வோல்டேஜ் கொடுத்தால்தான் வாய் திறக்கும். இது 1962-இல் அமெரிக்காவின் பெல் ஆய்வகத்தில் செஸ்லரும் வெஸ்டும் உருவாக்கியது. உள்ளே இருக்கிற பிளாஸ்டிக் படலத்தில் மின்னேற்றம் நிரந்தரமாகத் தங்கியிருக்கும். அப்புறம் வோல்டேஜ் எதற்கு? படலத்திலிருந்து வருகிற சிக்னல் ரொம்பப் பூஞ்சை. அதை வெளியே தள்ள டப்பாவுக்குள்ளேயே ஒரு பொடி எஃப்.இ.டி. டிரான்சிஸ்டர் வைத்திருக்கிறார்கள். வோல்டேஜ் அதற்குத்தான்.

(நம் மெக்கானிக்குகள் கெபாசிட்டரையும் கண்டன்சர் என்பார்கள், மைக்கையும் கண்டன்சர் என்பார்கள். தப்பில்லை, இந்த மைக்கே ஒரு கெபாசிட்டர்தான். குழப்பம் வேண்டாமென்று இங்கே கெபாசிட்டர் என்றே எழுதுகிறேன்.)

முதலில் மைக்கைத் திருப்பிப் பின்பக்கம் பாருங்கள். இரண்டு ஈயப் பொட்டுகள் இருக்கும். ஒன்றிலிருந்து இரண்டு மூன்று மெல்லிய கோடுகள் ஓடி வெளி டப்பாவைத் தொடும், அது மைனஸ். தனியாக, தீவு மாதிரி நிற்பது பிளஸ். கண்ணுக்குப் பிடிபடவில்லையென்றால் மல்டிமீட்டரை பீப்பில் வைத்து டப்பாவையும் பொட்டையும் தொடுங்கள். பீப் வந்தால் மைனஸ்.

காலில்லாத மைக் என்றால் ரெசிஸ்டரில் வெட்டிப் போட்ட கம்பியைக் காலாக வைத்துக்கொள்ளலாம். பொட்டில் அயர்னை இரண்டு விநாடிக்கு மேல் வைக்காதீர்கள். நான் கற்றுக்கொண்ட புதிதில் பொறுமையாக, அழகாக, பத்து விநாடி வைத்துப் பற்றவைத்தேன். ஜாயின்ட் பளபளவென்று வந்தது. மைக் அதற்குப் பிறகு போர்வைக்குள்ளிருந்து பேசுகிற மாதிரியே பேசியது.

இனி சர்க்யூட். 9 வோல்ட் பேட்டரி, எல்.எம்.386 ஐசி (சிக்னலைப் பெருக்கித் தருகிற எட்டுக் கால் சில்லு), 8 ஓம் ஸ்பீக்கர். அரை வாட் அளவுக்குத்தான் சத்தம் வரும், பழகுவதற்கு அது போதும்.

மைக் பக்கத்தில்தான் கவனம் வேண்டும். பேட்டரி பிளஸிலிருந்து 1 கே, அதாவது ஆயிரம் ஓம், ரெசிஸ்டர். அதன் மறுமுனையிலிருந்து கிரவுண்டுக்கு, அதாவது பேட்டரி மைனஸுக்கு, 100 மைக்ரோஃபாரட் கெபாசிட்டர். அதே முனையிலிருந்து 10 கே ரெசிஸ்டர் மைக் பிளஸுக்கு. மைக் மைனஸ் கிரவுண்டுக்கு. 1 கே எதற்கு, மிச்சம் பிடிக்கலாமே என்று தோன்றும். பிடிக்காதீர்கள். ஸ்பீக்கர் கரண்ட் இழுக்கும்போது பேட்டரி வோல்டேஜ் ஆடும். அந்த ஆட்டம் மைக் வழியாகத் திரும்ப உள்ளே போனால் கிணற்று மேட்டு டீசல் இன்ஜின் மாதிரி பட் பட் பட் என்று அடிக்கும். பேட்டரி இறங்க இறங்க இன்னும் மோசமாகும்.

இந்த இடத்தில் நிறுத்தி மைக்கின் இரண்டு முனையிலும் வோல்டேஜ் பாருங்கள். பெரும்பாலும் 5 முதல் 7 வோல்ட்டுக்குள் காட்டும். முழு 9 காட்டினால் மைக் வயர் எங்கோ விட்டிருக்கிறது. பூஜ்யம் என்றால் ஷார்ட், இல்லையென்றால் மைக் வரைக்கும் சப்ளையே வரவில்லை. ஐசி பக்கம் போவதற்கு முன்னால் இதைப் பார்த்துவிட்டால் பாதித் தலைவலி மிச்சம்.

மைக் பிளஸிலிருந்து 0.1 மைக்ரோஃபாரட் கெபாசிட்டர் வழியாக மூன்று கால் உள்ள 10 கே வால்யூம் கன்ட்ரோலின் ஒரு ஓரக் காலுக்குப் போங்கள். வால்யூமின் மறு ஓரம் கிரவுண்டு, நடுக்கால் ஐசியின் 3-வது காலுக்கு. இந்த கெபாசிட்டர் டி.சி.யைத் தடுத்து சத்தத்தை மட்டும் விடும். 1 மைக்ரோஃபாரட்டும் போடலாம், பேச்சுக்கு 0.1 வைத்தால் ஃபேன் உறுமல் கொஞ்சம் குறைகிறது, அதனால் எனக்கு இதுதான் பிடிக்கும்.

ஐசியில் அரைவட்ட வெட்டு மேலே இருக்கும்படி பிடித்தால் இடது மேல்கால் 1. அங்கிருந்து கீழே இறங்கி, வலப்பக்கம் மேலே ஏறி 8 வரை எண்ண வேண்டும். 2, 4 கிரவுண்டு. 6 பேட்டரி பிளஸ். அதன் பக்கத்திலேயே கிரவுண்டுக்கு ஒரு 100 மைக்ரோஃபாரட். 5-இலிருந்து 220 மைக்ரோஃபாரட் வழியாக ஸ்பீக்கர், அதன் மறுமுனை கிரவுண்டு. 220-இன் பிளஸ் பக்கம் ஐசியைப் பார்த்து இருக்கட்டும். 5-இலிருந்தே 0.047 மைக்ரோஃபாரட் கெபாசிட்டரும் 10 ஓம் ரெசிஸ்டரும் வரிசையாகக் கிரவுண்டுக்கு. 1-க்கும் 8-க்கும் நடுவே 10 மைக்ரோஃபாரட், பிளஸ் 1-இல். அது இல்லாவிட்டால் சிக்னல் 20 மடங்கு பெருகும், இருந்தால் 200 மடங்கு. 7-ஐ அப்படியே விடலாம்.

வால்யூமைக் குறைத்து வைத்து சுவிட்ச் போடுங்கள். ஊளையிட்டால் சர்க்யூட் மேல் கை வைக்க வேண்டாம். மைக்கை ஸ்பீக்கருக்குப் பின்னால் தள்ளி வையுங்கள். விடாமல் உம்மென்று இரைந்தால் மைக் வயரைப் பாருங்கள். ஒரு சாணுக்கு மேல் நீளம் என்றால் கம்பிப் பின்னல் சுற்றிய ஷீல்டு வயர்தான், அந்தப் பின்னல் கிரவுண்டுக்கு.

அண்ணனுக்கு ஐசி தேவைப்படவில்லை, அவர் செட்டிலேயே பெரிய ஆம்ப்ளிஃபயர் இருக்கிறது. ஒரு சின்ன டப்பாவில் பேட்டரி, இரண்டு ரெசிஸ்டர், இரண்டு கெபாசிட்டர், அவ்வளவுதான் போட்டுக் கொடுத்தேன். ராத்திரி கடையில் சோதித்தபோது மைக்கை ஜன்னலோரம் வைத்திருந்தேன். ஸ்டேஷன் அறிவிப்பு ஸ்பீக்கரில் தெளிவாக வந்தது. அவர் மைக்கைக் கையில் எடுத்துப் பார்த்துவிட்டு, "மீதி ரெண்டு?" என்றார். இரண்டுக்கும் டப்பா போட்டோம்.