சென்னையில் பறவைக் காய்ச்சலைக் கண்காணிப்பது எப்படி? புதியவர்களுக்கான செய்முறை விளக்கம்

பறவைக் காய்ச்சலை உறுதி செய்வது ஆய்வகத்தின் வேலை. ஆனால் ஓர் ஏரிக்கரையில் வழக்கத்துக்கு மாறாகப் பறவைகள் இறந்து கிடக்கின்றன என்பதை ஆய்வகம் தானாக அறிந்துகொள்ள முடியாது. அந்த இடத்தை அடிக்கடி பார்க்கும் ஒருவர் கவனித்து, எழுதி வைத்து, உரிய அலுவலருக்குச் சொன்னால்தான் மாதிரி எடுக்கும் குழு அங்கே வந்து சேரும். பறவை நோக்கத் தொடங்கியிருப்பவர்களும், மாடியிலோ கொல்லையிலோ நாட்டுக்கோழி வளர்ப்பவர்களும் இந்த முதற்பணியைச் செய்யலாம். அதற்கான வழிமுறையைக் கீழே படிப்படியாக விளக்குகிறேன்.

முதலில் பின்னணியைச் சுருக்கமாகப் பார்ப்போம். கோழிகளைக் கூட்டமாகக் கொல்லும் பறவைக் காய்ச்சல் வைரஸ்கள் பெரும்பாலும் எச்5, எச்7 என்ற இரண்டு வகைகளுக்குள் அடங்கும். இந்தியாவில் எச்5 வகையைச் சேர்ந்த எச்5என்1 முதன்முதலாக 2006 பிப்ரவரியில் மகாராஷ்டிரத்தின் நவாப்பூர் கோழிப்பண்ணைகளில் உறுதி செய்யப்பட்டது. 2020 டிசம்பரும் 2021 ஜனவரியும் சேர்ந்த குளிர்காலத்தில் இமாச்சலப் பிரதேசத்தின் போங் அணையில் வரித்தலை வாத்துகளும், ராஜஸ்தானில் காகங்களும், கேரளத்தின் ஆலப்புழை, கோட்டயம் பகுதிகளில் வளர்ப்பு வாத்துகளும் இறந்தன. காட்டுப் பறவை, ஊர்ப் பறவை, வளர்ப்புப் பறவை மூன்றையும் சேர்த்தே பார்க்க வேண்டும் என்பதற்கு அந்தக் குளிர்காலம் தெளிவான சான்று. 2025 பிப்ரவரியில் ஆந்திரத்தின் கோதாவரி மாவட்டப் பண்ணைகளில் நோய் பரவியது. அந்த மாநிலத்தின் எல்லை சென்னைக்கு வடக்கே, கும்மிடிப்பூண்டியைத் தாண்டியதும் வந்துவிடுகிறது.

படி 1: ஓர் இடத்தைத் தேர்ந்தெடுங்கள்

பல இடங்களுக்கு ஒருமுறை போய் வருவதைவிட ஒரே இடத்துக்குத் திரும்பத் திரும்பப் போவதே கண்காணிப்புக்குப் பயன்படும். பள்ளிக்கரணை சதுப்புநிலம், பெரும்பாக்கம் ஏரி, அடையாறு முகத்துவாரம், முட்டுக்காடு உப்பங்கழி ஆகியவற்றுள் வீட்டுக்கு அருகில் இருப்பதைத் தேர்ந்தெடுக்கலாம். நீர்நிலை அருகில் இல்லையென்றால் காகங்கள் அடையும் தெருமரம்கூடப் போதும். கோழி வளர்ப்பவருக்கு அவருடைய கூண்டுதான் கண்காணிப்பு இடம்.

பள்ளிக்கரணையைத் தனியாகக் குறிப்பிட வேண்டும். உலக முக்கியத்துவம் வாய்ந்த ஈரநிலங்களுக்கான ராம்சர் பட்டியலில் 2022இல் சேர்ந்த அந்தச் சதுப்புநிலத்தை ஒட்டியே பெருங்குடிக் குப்பைக் கிடங்கு இருக்கிறது. வலசை வரும் வாத்துகள் இறங்கும் நீருக்கும், காகங்களும் கரும்பருந்துகளும் உண்ணிக்கொக்குகளும் மேயும் இடத்துக்கும் அங்கே இடைவெளி மிகக் குறைவு. நோயுற்ற பறவையின் எச்சத்தில் வைரஸ் வெளியேறுகிறது, இறந்த பறவையைத் தின்னும் காகத்துக்கும் அது தொற்றுகிறது. ஆகவே அங்கே நீர்ப்பறவைகளோடு காகங்களையும் கணக்கில் சேர்த்துக்கொள்ளுங்கள்.

படி 2: வழக்கமான நாட்களை எழுதி வையுங்கள்

என் கருத்தில் மற்ற எல்லாப் படிகளையும்விட இதுவே முக்கியம், பெரும்பாலோர் விட்டுவிடுவதும் இதையே. எதுவும் நடக்காத நாளின் குறிப்பு கையில் இருந்தால்தான், ஏதோ நடந்திருக்கிறது என்று உறுதியாகச் சொல்ல முடியும். "இன்று நாமக்கோழிகள் குறைவாக இருக்கின்றன" என்ற வாக்கியத்துக்கு, சென்ற வாரம் எத்தனை இருந்தன என்ற குறிப்பு இல்லாமல் எந்தப் பொருளும் இல்லை.

ஒவ்வொரு முறையும் நாள், தொடங்கிய நேரம், முடித்த நேரம், நின்ற இடம், பார்த்த இனங்கள், அவற்றின் தோராய எண்ணிக்கை ஆகியவற்றை எழுதுங்கள். கடைசி வரியில் இறந்த பறவைகள், நோயுற்ற பறவைகள் என்ற இரண்டையும் கட்டாயமாகக் குறிப்பிடுங்கள். எதுவும் இல்லையென்றால் "தேடிப் பார்த்தேன், இல்லை" என்று எழுத வேண்டும், வெற்றாக விடக் கூடாது. வெற்றிடத்தைப் பின்னர் வாசிப்பவருக்கு, நீங்கள் பார்க்கவில்லையா, பார்த்தும் ஒன்றும் இல்லையா என்பது தெரியாது.

ஒரு பதிவு இப்படி இருக்கலாம்: "காலை 6.30 முதல் 7.15 வரை, பெரும்பாக்கம் ஏரி, தென்கரை. நாமக்கோழி சுமார் 60, நீலத் தாழைக்கோழி 22, புள்ளிமூக்கு வாத்து 14, ஊசிவால் வாத்து சுமார் 40, கூழைக்கடா 5. கரையோரம் முழுவதும் நடந்து பார்த்தேன். இறந்தவை இல்லை. தடுமாறும் பறவை இல்லை. நீர் சென்ற முறையைவிடச் சற்றுக் குறைவு." இதைப் பழைய நோட்டுப் புத்தகத்தில் எழுதினாலும் சரி, பறவைப் பதிவுகளுக்கான இபேர்டு செயலியில் பதிந்தாலும் சரி. செயலியில் இறப்பைப் பற்றிய செய்தியைக் குறிப்புப் பகுதியில் நீங்களே சேர்க்க வேண்டும். பொங்கல் பறவைகள் கணக்கெடுப்பில் கலந்துகொண்டால் இனங்களை அடையாளம் காணும் பழக்கம் விரைவில் வந்துவிடும். அக்டோபர் முதல் மார்ச் வரை வலசைப் பறவைகள் இங்கே தங்கும் காலம், அப்போது வாரம் ஒருமுறையாவது போவது நல்லது.

கோழி வளர்ப்பவர்கள் தினமும் தீவனம் எடுக்கும் அளவு, குடிக்கும் நீர், முட்டை எண்ணிக்கை, இறப்பு ஆகிய நான்கையும் நாட்காட்டியின் ஓரத்தில் எழுதினாலே போதும்.

படி 3: எந்தச் சாவு சந்தேகத்துக்குரியது என்று பாருங்கள்

சென்னையில் பறவைகள் பல காரணங்களால் சாகின்றன. மாஞ்சா நூல் அறுக்கிறது, மின்கம்பி தாக்குகிறது, வாகனம் மோதுகிறது, மே மாத வெயிலில் காகங்கள் சுருண்டு விழுகின்றன. வற்றிய குட்டையில் அழுகும் சேற்றில் உருவாகும் பாட்டுலிச நஞ்சு வாத்துகளைக் கூட்டமாகக் கொல்லக்கூடியது. இறந்து கிடக்கும் ஒற்றைப் பறவையைக் கண்டதுமே பறவைக் காய்ச்சல் என்று அறிவிப்பது தவறு.

ஒரே இடத்தில் சில நாட்களுக்குள் பல பறவைகள் காயமில்லாமல் இறந்தாலும், உயிரோடு இருப்பவை கழுத்தைத் திருகிக்கொண்டோ, வட்டமடித்தோ, நடுங்கியோ, ஆள் நெருங்கியும் பறக்க முடியாமலோ இருந்தாலும் சந்தேகப்படுங்கள். காட்டு வாத்துகளில் சில, வெளியே எந்த அறிகுறியும் காட்டாமல் வைரஸைச் சுமந்து திரியும் என்பதையும் நினைவில் வையுங்கள்.

கோழியில் திடீர்ச் சாவு, முட்டை சட்டென்று குறைதல், கொண்டையும் தாடியும் வீங்கி நீலம் பாய்தல், காலின் செதில்களுக்கு இடையே இரத்தம் கட்டிய செந்திட்டுகள் ஆகியவை முக்கிய அறிகுறிகள். இங்கே ஒரு சிக்கல் இருக்கிறது. நம் ஊரில் நன்கு தெரிந்த வெள்ளைக்கழிச்சல் நோயிலும் கழுத்து திருகும், கழிச்சல் இருக்கும், கூண்டு ஒரே வாரத்தில் காலியாகும். இரண்டையும் கண்ணால் பார்த்துப் பிரித்துச் சொல்ல அனுபவமுள்ள மருத்துவராலும் இயலாது. ஆகவே "வழக்கமாக வரும் கழிச்சல்தான்" என்று முடிவு செய்து, மிஞ்சிய கோழிகளை அவசரமாக விற்றுவிடாதீர்கள். நோய் ஓர் ஊரிலிருந்து இன்னோர் ஊருக்குப் போகும் வழிகளில் அதுவும் ஒன்று.

படி 4: தொடாமல் பதிவு செய்யுங்கள்

இறந்த பறவையைக் கையால் எடுக்க வேண்டாம், காலால் புரட்டவும் வேண்டாம். சில அடி தள்ளி நின்று, முழு உடலும் தெரியும்படி ஒரு படம், தலையை உருப்பெருக்கி ஒரு படம், சுற்றுப்புறம் தெரியும்படி ஒரு படம் எடுங்கள். கைப்பேசியில் இருப்பிடக் குறியீட்டைச் சேமியுங்கள். எத்தனை பறவைகள், எந்த இனம், உடல் புதிதாக இருக்கிறதா அழுகிவிட்டதா என்று எழுதுங்கள். ஆய்வுக்குப் புதிய உடலே உதவும் என்பதால் இந்தக் கடைசிக் குறிப்புக்கு மதிப்பு அதிகம்.

குழந்தைகளையும் நாய், பூனைகளையும் அருகில் விடாதீர்கள். திரும்பியதும் செருப்பைச் சோப்பு நீரில் தேய்த்துக் கழுவி, பிளீச்சிங் கரைசலில் நனைத்து, கைகளையும் நன்றாகக் கழுவுங்கள். வீட்டில் கோழி இருந்தால், உடை மாற்றும் வரை கூண்டுப் பக்கம் போகவே கூடாது.

படி 5: உரியவரிடம் சொல்லுங்கள்

வளர்ப்புப் பறவை என்றால் அருகிலுள்ள அரசு கால்நடை மருந்தகத்துக்கோ 1962 என்ற எண்ணுக்கோ தெரிவியுங்கள். பள்ளிக்கரணை போன்ற காப்பிடங்களில் வனச்சரக அலுவலகத்துக்கும், தெருவில் காகங்கள் இறந்தால் மாநகராட்சியின் 1913க்கும் சொல்லுங்கள். மாநகராட்சிக்கு மட்டும் சொன்னால் உடல்கள் அப்புறப்படுத்தப்படுவதோடு செய்தி நின்றுவிடலாம், ஆகவே கால்நடைத் துறைக்கும் சேர்த்தே தெரிவியுங்கள்.

அதன்பின் பயிற்சி பெற்றவர்கள் தொண்டை, கழிவாய் ஆகியவற்றிலிருந்து பஞ்சுக்குச்சி மாதிரிகள் எடுத்து, குளிர்நிலை குலையாமல் அனுப்புவார்கள். நாட்டளவில் இறுதி உறுதிப்பாட்டைத் தருவது போபாலில் உள்ள தேசிய உயர்பாதுகாப்பு விலங்கு நோய்கள் நிறுவனம். பண்ணையில் உறுதியானால் அதைச் சுற்றி 1 கிலோமீட்டர் தொலைவு வரை தொற்றுப் பகுதியாகவும், அதற்கு வெளியே 10 கிலோமீட்டர் வரை கண்காணிப்புப் பகுதியாகவும் அறிவிக்கப்படும்.

படி 6: செய்திகளைச் சரியாக வாசியுங்கள்

வாட்ஸ்அப்பில் ஒரு செய்தி வந்தால் நான்கு கேள்விகள் கேளுங்கள். சந்தேகமா, ஆய்வில் உறுதியானதா? காட்டுப் பறவையா, பண்ணைக் கோழியா? எந்த வகை வைரஸ்? நிகழ்ந்த நாள் எது, அறிவித்த நாள் எது? விடைகளை உலக விலங்குகள் சுகாதார அமைப்பின் வாஹிஸ் என்ற நோய்த் தகவல் தளத்தில் இந்தியா அளிக்கும் அறிக்கைகளில் தேடலாம். காகத்தில் உறுதியானது என்ற செய்தி, நாமக்கல் முட்டையில் உறுதியானது என்று மாறிப் பரவுவதைத் தடுக்க இதுவே வழி. 70 பாகை செல்சியஸுக்கு மேல் உள்வரை வெந்த இறைச்சியிலும் முட்டையிலும் இந்த வைரஸ் உயிர்த்திருக்காது.

படி 7: உங்கள் உடல்நிலையையும் கவனியுங்கள்

மனிதருக்குத் தொற்றுவது அரிது. ஆனால் தொற்றினால் கடுமையாக இருக்கலாம், 2021இல் ஹரியானாவைச் சேர்ந்த 11 வயதுச் சிறுவன் எச்5என்1 தொற்றால் தில்லியில் உயிரிழந்தான். நோயுற்ற பறவைக்கு அருகில் இருந்தவருக்கு அடுத்த 10 நாட்களுக்குள் காய்ச்சல், இருமல், கண் சிவத்தல் ஏதேனும் வந்தால் மருத்துவரிடம் போகும்போதே அந்தத் தொடர்பைச் சொல்ல வேண்டும். ஓசெல்டமிவிர் என்ற வைரஸ் எதிர்ப்பு மருந்து தொடக்கத்திலேயே கொடுத்தால்தான் நன்கு வேலை செய்யும்.

கட்டுப்பாடுகள் விலக்கப்பட்ட பிறகும் பதிவை நிறுத்தாதீர்கள். அரசும் நோய் ஒழிப்புப் பணி முடிந்த பின் குறிப்பிட்ட இடைவெளிகளில் மாதிரி எடுத்துக்கொண்டுதான் இருக்கும். அந்தக் காலத்தில் உங்கள் ஏரியில் "தேடிப் பார்த்தேன், இல்லை" என்று எழுதிய வரிகளைக் கால்நடை மருத்துவர் கேட்டால், நாள்வாரியாக எடுத்துக் கொடுக்கும் நிலையில் வைத்திருங்கள்.