சிறுநீரகச் செல்லின் பிஎச்சைக் கணினியில் போடும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

சாட்ஸ்வொர்த்தில் எங்கள் பெரியப்பாவுக்குச் சிறுநீரகம் தளர ஆரம்பித்தபோது டாக்டர் எழுதிக் கொடுத்தவற்றில் ஒன்று சோடியம் பைகார்பனேட் மாத்திரை, அதாவது நம் சமையலறைச் சோடா உப்பு. அது எதற்கு என்று தேடப் போனவன்தான் இன்று டர்பனில் மாணவர்களுக்கு சிறுநீரகச் செல்லின் பிஎச் (அமிலத்தன்மை அளவு) நேரத்தோடு எப்படி மாறுகிறது என்று கணினியில் போடும் கணக்கைச் சொல்லித் தருகிறேன். வருஷா வருஷம் அதே தவறுகள் வருவதால் எழுதி வைக்கிறேன்.

சிறுநீரகம் ஒரு நாளில் வடிகட்டும் சுமார் 180 லிட்டரோடு 4,300 மில்லிமோல் பைகார்பனேட்டும் போகிறது, அதில் ஏறக்குறைய 80 சதவீதத்தை சிறுநீரகக் குழலின் தொடக்கப் பகுதியான அண்மை நுண்குழலின் செல்கள் மீட்டுவிடுகின்றன. குழல் பக்கச் சவ்வில் என்எச்இ3 என்னும் கடத்திப் புரதம் சோடியத்தை உள்ளே வாங்கி ஹைட்ரஜன் அயனியை வெளியே தள்ளும், ரத்தப் பக்கத்தில் என்பிசிஇ1 என்னும் இன்னொரு கடத்திப் புரதம் பைகார்பனேட்டை வெளியே அனுப்பும்.

இதைச் சமன்பாடாக்கும் இடத்திலேயே முதல் தவறு, என் பார்வையில் இதுதான் பெரியதும்கூட. செல்லுக்குள் பிஎச் 7.2 என்றால் கட்டற்ற ஹைட்ரஜன் அயனி லிட்டருக்கு 63 நானோமோல்தான். லிட்டருக்கு 1 மில்லிமோல் அமிலம் சேர்ந்தது என்று அந்த 63-உடன் நேராகக் கூட்டினால் பிஎச் 3-க்கு விழும், செல் செத்தே போகும்! உண்மையில் சேர்ந்த அயனிகள் ஏறக்குறைய எல்லாவற்றையும் புரதம், பாஸ்பேட், பைகார்பனேட் பிடித்துக்கொள்ளும். தாங்கல் திறன், அதாவது ஒரு லிட்டரில் பிஎச்சை 1 அலகு மாற்றத் தேவையான அமிலம், 50 மில்லிமோல் என்றால் பிஎச் இறங்குவது 0.02 மட்டும். சரி, தாங்கல் திறனைச் சேர்த்தாயிற்று என்று நிம்மதியாகும்போது அடுத்தது காத்திருக்கிறது: கார்பன் டை ஆக்சைடு தாராளமாக வந்துபோகும் நிலையில் தாங்கல் திறனில் பைகார்பனேட்டின் பங்கு அதன் செறிவைப் போல் 2.3 மடங்கு. செறிவு லிட்டருக்கு 15 மில்லிமோல் என்றால் பங்கு 35. பைகார்பனேட்டைத் தனி மாறியாக எழுதிவிட்டு இந்த 35-ஐயும் தாங்கல் திறனுக்குள் வைத்தால் ஒரே பொருளை இரண்டு முறை எண்ணுகிறோம், ஆனால் வரைபடம் பார்க்க அழகாகவே இருக்கும்.

அப்புறம் காலம். தாங்கல் வினைகள் மைக்ரோவினாடிகளில் முடிகின்றன, கார்பானிக் அன்ஹைட்ரேஸ் என்ற நொதி இல்லாமல் கார்பன் டை ஆக்சைடு நீரோடு சேரப் பல வினாடிகள் ஆகும், செல்லின் சோடியம் நிலைபெற நிமிடங்கள். 1952-இல் கர்ட்டிஸும் ஹிர்ஷ்ஃபெல்டரும் "விறைப்பு" என்று பெயர் வைத்தது இப்படி மிக வேகமான வினையும் மிக மெதுவான வினையும் கலந்த சமன்பாடுகளுக்குத்தான். நேரத்தைச் சிறு படிகளாக வெட்டி முன்னேறும் சாதாரண ஆய்லர் முறையில் ஒரு படி மிக வேகமான வினையின் கால அளவைப் போல் 2 மடங்கைத் தாண்டக் கூடாது, தாண்டினால் விடை ஊசலாடி வெடிக்கும். ஒரு மாணவி படியைச் சுருக்கிச் சுருக்கி இரவெல்லாம் ஓடவிட்டாள், விடியற்காலை லோட் ஷெட்டிங் (மின்வெட்டு) வந்து எல்லாம் போயிற்று. பைத்தான் நிரல்மொழியில் சமன்பாடு தீர்க்கும் கருவியான சால்வ்-ஐவிபியில் (solve_ivp) ஆர்கே45 (RK45) முறையை விட்டு, விறைப்புக்கு ஏற்ற பிடிஎஃப் (BDF) அல்லது ராடோ (Radau) முறைக்கு மாற்றினோம், சில வினாடிகளில் முடிந்தது.

அதே கருவியில் இன்னொரு குழி உண்டு, அதைப் பற்றி யாரும் எச்சரிப்பதில்லை. நாம் மாற்றாவிட்டால் தனிப் பிழை வரம்பு (atol), அதாவது கருவி பொருட்படுத்தாமல் விடும் பிழையின் அளவு, 0.000001 என்று இருக்கும். செறிவை மோலில் எழுதியவருக்கு ஹைட்ரஜன் அயனி 0.000000063, வரம்போ அதைவிடப் பதினாறு மடங்கு பெரியது. அதாவது பிஎச்சில் பெரிய தவறு நடந்தாலும் கருவி கண்டுகொள்ளாது. நானோமோலில் எழுதுங்கள், அல்லது பிஎச்சையே மாறியாக வையுங்கள், இல்லாவிட்டால் ஒவ்வொரு மாறிக்கும் தனித்தனி வரம்பு கொடுங்கள்.

செறிவு எதிர்மறையானால் சுழியாக்கிவிடுவது வேண்டாம், அது நோயை மறைத்துப் போர்வை போர்த்துவது. பிஎச்களைச் சராசரி எடுப்பதும் வேண்டாம்: 7.0-உம் 7.4-உம் சேர்ந்த சராசரிச் செறிவு 70 நானோமோல், பிஎச் 7.15, 7.2 அல்ல.

விடை வந்ததும் பிழை வரம்பைப் பத்தில் ஒன்றாக்கி மறுபடி ஓட்டுங்கள். கோடு நகர்ந்தால் முதல் விடையை யாரிடமும் காட்டாதீர்கள்.