பூமாத் தலை கொண்ட திவானாக்கு தூபக்கலம்: கையால் வனையும் முறை

இன்றைய பொலிவியாவில், டிட்டிகாக்கா ஏரியின் தென்கரைக்கு அருகே, ஏறத்தாழ கி.பி. 500 முதல் 1000 வரை ஓங்கியிருந்த திவானாக்கு மக்களின் தூபக்கலங்களுள், பூமா என்னும் அமெரிக்கக் காட்டுப்பூனையின் தலை நிமிர்ந்து நிற்கும் அலை விளிம்புக் கலமே என் மனத்தை மிகவும் கவர்ந்தது. அதைக் கையால் செய்து பார்த்ததில் மூன்று உடைந்து, நான்காவது நின்றது. அந்த வழியை இங்கே தருகிறேன்.

பிசைந்த களிமண் ஐந்து பங்குக்கு, பழைய சுட்ட மண் ஓடுகளை இடித்துச் சலித்த பொடி ஒரு பங்கு சேர்க்கவும். கலம் சூட்டைத் தாங்குவதற்கு இது அவசியம். கொலம்பஸுக்கு முந்தைய ஆண்டிஸ் மலைநாட்டில் குயவர் சக்கரம் கிடையாது என்பதால், நாமும் மண்ணை விரல் பருமனுக்குத் திரியாக உருட்டி, ஒன்றன்மேல் ஒன்றாகச் சுற்றி எழுப்புவதே பொருத்தம். சுவர் எட்டு மில்லிமீட்டர் இருக்கட்டும். விளிம்பை விரலால் அழுத்தினால் அலை வந்துவிடும்.

இனித் தலை. முதல் மூன்று கலங்களும் எனக்கு உடைந்தது இந்த இடத்தில்தான். கலத்தைப் பாதி காயவிட்டு, அப்போதுதான் பிசைந்த ஈர மண்ணில் தலையைச் செய்து ஒட்டினேன். ஈரமான தலை அதிகமாகச் சுருங்க, காய்ந்த சுவர் அசையாமல் நிற்க, மறுநாள் தாடைக்கு அடியில் மயிரிழை போல ஒரு கோடு ஓடியிருந்தது. ஆகவே, கலம் செய்யும் நாளிலேயே தலையையும் செய்து, இரண்டையும் ஒரே துணியால் மூடி, ஒரே பதத்துக்கு வரவிட்ட பின்னரே இணைக்க வேண்டும். இரு பரப்புகளையும் குறுக்கும் நெடுக்கும் கீறி, கூழ்மண் தடவி அழுத்துங்கள். கீறுவதற்குக் கடையில் விற்கும் ஊசியைவிடப் பழைய முள்கரண்டியே மேல் என்பேன். தலை உள்ளீடற்றதாக இருந்தால், வாயின் வழியே ஒரு துளை கட்டாயம் வேண்டும். இல்லையேல் உள்ளே தங்கிய ஈரம் சூளையில் ஆவியாகித் தலையைப் பிளந்துவிடும்.

செங்காவிக் குழம்பைப் பூசி, காய்ந்து வரும்போது கூழாங்கல்லால் தேய்த்து மெருகேற்றி, கருப்பிலும் வெள்ளையிலும் கோடுகள் இடவும். ஒரு வாரம் நிழலில் உலர்த்தியபின், 900 பாகை செல்சியஸில் சுடலாம்.

இக்கலங்கள் வீட்டு அலங்காரத்துக்காக வனையப்பட்டவை அல்ல. டிட்டிகாக்கா ஏரியில், சூரியத் தீவுக்கு அருகேயுள்ள கோவா என்னும் பாறைத்திட்டில் 2013இல் நீருக்கடியில் அகழ்ந்த ஆய்வாளர்கள், பூமா வடிவத் தூபக்கலங்களோடு கரித்துண்டுகள், பொற்றகடுகள், ஸ்பாண்டிலஸ் சிப்பி, பலியிட்ட லாமா என்னும் ஒட்டக இன விலங்கின் குட்டிகளது எலும்புகள் ஆகியவற்றையும் கண்டெடுத்தார்கள். அங்கே நங்கூரக் கற்களும் கிடைத்ததால், படகில் சென்று காணிக்கையை ஏரிக்குள் இட்டிருக்க வேண்டும் என்று கருதுகிறார்கள். சுட்டு, மெருகேற்றி, வண்ணமிட்ட கலத்தைத் தண்ணீருக்கே கொடுத்துவிட்ட அந்தப் பக்தியை, ஒன்றைச் செய்து முடித்த பிறகுதான் என்னால் உணர முடிந்தது. அந்த ஏரிப் பகுதியின் பழங்குடிகளான ஐமாரா மக்கள் இன்றும், குறிப்பாக ஆகஸ்ட் மாதத்தில், பூமித்தாயான பச்சமாமாவுக்குக் கோவா என்னும் மணமூலிகையை எரித்துப் படைக்கிறார்கள்.

பிற்சேர்க்கை: முதன்முறை பயன்படுத்தும்போதே அடிப்பகுதி வெடித்ததாக வாசகர் ஒருவர் எழுதியிருந்தார். கேட்டதில், தணலை நேரே மண்ணின்மேல் வைத்திருக்கிறார். இரண்டு விரற்கடை உயரத்துக்கு உலர்ந்த மணலைப் பரப்பி, அதன்மேல் தணலை வைக்கவும்.