வயதானவர்களின் நினைவைக் காக்க, முதலில் காதைக் கவனியுங்கள்

"வயசாச்சு, மறதி வரத்தான் செய்யும்" என்று சொல்லிவிட்டு நகர்ந்துவிடுகிறோம். இந்தப் பேச்சிலேயே பல வீடுகளில் இரண்டு மூன்று வருடம் போய்விடுகிறது. சாவியை எங்கே வைத்தோம் என்று தேடுவது எல்லாருக்கும் நடப்பதுதான். ஆனால் கட்டிய பில்லையே மறுபடி மறுபடி கட்டுவது, வருடக்கணக்காக நடந்த தெருவில் வழி தெரியாமல் நிற்பது, இதெல்லாம் வேறு, டிமென்ஷியா எனப்படும் மறதிநோயாக இருக்கலாம்.

உலகில் 5.5 கோடிப் பேருக்கு மேல் மறதிநோயோடு வாழ்கிறார்கள். லான்செட் மருத்துவ இதழின் நிபுணர் குழு 2024-இல் 14 காரணங்களைப் பட்டியலிட்டு, இவற்றைச் சரிசெய்தால் ஏறக்குறைய 45 சதவீத நோயைத் தடுக்கவோ தள்ளிப்போடவோ வாய்ப்பு இருக்கிறது என்று சொன்னது. சர்க்கரை, ரத்த அழுத்தம், புகை, தலையில் அடி எல்லாம் அதில் உண்டு. கூடவே குறைந்த படிப்பு, காற்று மாசு, தனிமை ஆகியவையும் இருக்கின்றன. இவற்றை ஒரு முதியவர் தனியாக எப்படிச் சரிசெய்வார்? குறுக்கெழுத்துப் புத்தகம் ஒன்றை வாங்கிக் கொடுப்பதோடு நம் கடமை முடிந்துவிடாது.

சரி, எங்கே தொடங்குவது? காதில் தொடங்குங்கள். குடும்பமே கூடிப் பேசும்போது பெரியவர் ஒருவர் எல்லாவற்றுக்கும் தலையாட்டிச் சிரித்துக்கொண்டிருப்பார், கவனித்துப் பார்த்தால் சிரிப்பு ஒரு நொடி தாமதமாக, மற்றவர்கள் முகத்தைப் பார்த்த பிறகுதான் வரும். அப்புறம் "தூக்கம் வருது" என்று எழுந்து போய்விடுவார், அடுத்த முறை வரவே மாட்டார். காது மந்தம் இப்படித்தான் ஆளைத் தனிமையில் தள்ளுகிறது. 2023-இல் வெளிவந்த அமெரிக்க ஆய்வு ஒன்றில், 70 முதல் 84 வயது வரை உள்ள காது மந்தமானவர்களில் ஒரு பகுதியினருக்குக் காது கருவி கொடுத்து மூன்று வருடம் கவனித்தார்கள். மொத்தமாகப் பார்த்தபோது காது கருவியால் பெரிய வித்தியாசம் தெரியவில்லை, ஆனால் மறதிநோய் வரும் ஆபத்து அதிகம் இருந்தவர்களிடம் அறிவுத்திறன் குறையும் வேகம் 48 சதவீதம் தணிந்திருந்தது.

கருவி வாங்குவது பாதி வேலைதான், பெரும்பாலும் அது மேசை இழுப்பறைக்குள் போய்த் தூங்கிவிடும். முதல் வாரத்தில் கரண்டி விழும் சத்தம்கூட இடிபோல் கேட்கும், அதனால் அமைதியான அறையில், ஒரே ஒருவரோடு பேசும்போது, தினம் ஒரு மணி நேரம் என்று பழக்குங்கள். சரியாகக் கேட்கவில்லை என்றால் மறுபடி போய் ஒலி அளவை மாற்றிவாருங்கள். நடுங்கும் விரலால் அந்தப் பொட்டு மாதிரி பேட்டரியை மாற்ற முடியாது, அந்த வேலையை வீட்டில் ஒருவர் ஏற்றுக்கொள்ள வேண்டும்.

அடுத்து மருத்துவரிடம் போகும்போது, சாப்பிடும் மாத்திரைகள் எல்லாவற்றையும் ஒரு பையில் போட்டு எடுத்துப் போங்கள். சில தூக்க மாத்திரைகளும் அலர்ஜி மாத்திரைகளும் மறதியை உண்டாக்கும். பி12 குறைவு, தைராய்டு, மனச்சோர்வு ஆகியவையும் மறதிநோய் போலவே தோற்றம் காட்டும், இவற்றுக்குச் சிகிச்சை உண்டு. நேற்றுவரை நன்றாக இருந்தவர் திடீரென்று குழம்பிப் பேசினால் சிறுநீர்த் தொற்றாகவோ பக்கவாதமாகவோகூட இருக்கலாம், அன்றைக்கே காட்டுங்கள். ரத்த அழுத்தத்தைப் பற்றிச் சொல்வது உங்களுக்கும்தான்: நாற்பதுகளில் கட்டுப்பாட்டில் வைப்பதுதான் பிற்பாடு மூளையைக் காக்கும்.

வீட்டைத் தாண்டி வாசலுக்கு வந்து பாருங்கள். நடக்கச் சொல்கிறோம், ஆனால் வழியில் உட்கார ஒரு பெஞ்சு இல்லை, கழிப்பறை இல்லை, மாலையில் விளக்கு எரியாது. முழங்கால் வலி உள்ளவர் எவ்வளவு தூரம் போவார்? தெருவாசிகள் நாலு பேர் சேர்ந்து உள்ளாட்சி அலுவலகத்தில் மனு கொடுங்கள், பெஞ்சு வரும்வரை விடாதீர்கள். ஜப்பானில் 2005 முதல் கடைக்காரர், வங்கி ஊழியர், பள்ளிக் குழந்தைகள் என்று எல்லாருக்கும் மறதிநோய் பற்றிச் சின்னப் பயிற்சி கொடுக்கிறார்கள், ஒரு கோடிப் பேருக்கு மேல் படித்துவிட்டார்கள். அதற்கு முந்தைய வருடமே, நோயின் பழைய பெயர் இழிவாக ஒலிக்கிறது என்று அதையும் மாற்றினார்கள். நாமும் "புத்தி பேதலிச்சுடுச்சு" என்று சொல்வதை விட்டுவிடலாம். அந்தப் பேச்சுக்குப் பயந்தே பல குடும்பங்கள் நோயை மறைக்கின்றன.

தனிமையைப் போக்க "சும்மா வாங்க" என்று கூப்பிட்டால் வர மாட்டார்கள். வேலை கொடுங்கள். சங்கத்தின் கணக்கு நோட்டைப் பார்க்கச் சொல்லுங்கள், பக்கத்து வீட்டுப் பிள்ளைக்கு வாசிக்கச் சொல்லித்தரச் சொல்லுங்கள். தன்னை ஒருவர் எதிர்பார்த்துக் காத்திருக்கிறார் என்றால் சட்டை மாற்றிக்கொண்டு கிளம்புவார்கள்.

நோய் ஏற்கெனவே வந்துவிட்ட வீடு உங்கள் தெருவில் இருந்தால், பார்த்துக்கொள்கிறவரையும் நினையுங்கள். "ஏதாவது வேணும்னா சொல்லுங்க" என்றால் யாரும் கேட்க மாட்டார்கள். "செவ்வாய்க்கிழமை நாலு மணிக்கு வர்றேன், ஆறு வரைக்கும் அம்மாகூட நான் இருக்கேன், நீங்க வெளிய போயிட்டு வாங்க" என்று சொல்லுங்கள்.